நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழரின் தொழில்துறை மாற்றம்

வேளாண்மையிலிருந்து ஆலைத் தொழிலுக்கு மக்கள் பெயர்வதைப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் வளர்ச்சி என்றே கணக்கிடுகின்றன. நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழரைப் பொறுத்தவரை இக்கணக்கு நிறைவானதன்று என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரம்பான், ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையின்வழி வந்த தமிழர் அவற்றில் பால்மரம் வெட்டினர். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நிரை எடுத்தனர். லயன் வீடு, ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகிய அனைத்தும் இவ்வேலையைச் சார்ந்தே அமைந்தன.

செயற்கை இரப்பரின் போட்டியால் விலை சரிந்தபோது, 1960களிலிருந்து செம்பனை பரவலாயிற்று. இரப்பர் மரத்தை ஓரிரு நாள் இடைவெளியில் சீவ வேண்டும். செம்பனைக் குலையை ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். ஆகவே, அதே பரப்புக்குக் குறைந்த ஆள்களே தேவைப்பட்டனர். குலை அறுப்பு பெரும்பாலும் ஆடவர் வேலையாயிற்று. பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குதல், உரமிடுதல், களைக்கொல்லி தெளித்தல் ஆகியவை எஞ்சின. அவ்வாறு தெளிக்கப்பட்ட பராகுவாட் மலேசியாவில் 2020-ஆம் ஆண்டில்தான் தடைசெய்யப்பட்டது.

இளையோர் செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளை நாடினர். இந்தோனேசியாவுடன் 1984-இல் செய்துகொள்ளப்பட்ட மேடான் ஒப்பந்தத்திற்குப் பின், தோட்ட வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளர் பங்கு மிகுந்தது. 1990களில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத் திட்டத்தை ஒட்டி நீலாய் வட்டாரத்தில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின.

இங்குதான் சிக்கல் புலனாகிறது. தோட்ட வீடு வேலையோடு பிணைந்தது, தொழிலாளிக்கு உடைமையானதன்று. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டமும் வீட்டின் குறைந்தபட்சத் தரத்தையே வரையறுத்தது; வீட்டுரிமையை வழங்கவில்லை. எனவே வேலை போனபோது வீடும் போயிற்று. குடும்பங்கள் பெயர்ந்தபின் பள்ளியில் மாணவர் குறைந்தனர். 1957-இல் நாட்டில் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகச் சுருங்கியுள்ளமைக்கு இப்பெயர்வும் ஒரு காரணமாகும். நகர்ப்புறத்திற்கு மாற்றப்பட்ட பின்னரும் தோட்டப் பெயரையே தாங்கி நிற்கும் பள்ளிகள் இவ்வரலாற்றின் சான்றுகளாகும்.

ஆலைக்குச் சென்ற ஒருவர் கூடுதல் ஊதியம் பெற்றிருக்கலாம். அவருடைய தாய் வேலையையும் குடும்பம் வீட்டையும் இழந்திருக்கலாம். துறைவாரிக் கணக்கு முன்னதைக் காட்டும், பின்னதைக் காட்டாது. ஆதலின், தொழில்துறை மாற்றத்தைத் தனியாள் கணக்காக மட்டுமன்றிக் குடும்பத்தின் கணக்காகவும் ஆராய்தல் வேண்டும் என்பது நம் கருத்து.