விலக்கினாலும் போகாத லைப்ரரி

‘சி மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியைத் தொடாமல் சொந்தமாக ஒரு லைப்ரரி எழுத முடியுமா? அப்படி எழுதினால் நிரல் பல மடங்கு வேகமாக ஓடுமாமே?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுதலாம், தாராளமாக. பல மடங்கு வேகம் என்பதெல்லாம் யாரோ அடித்துவிட்டது.

திரையில் ஒரு எழுத்து விழ வேண்டுமென்றாலும் கர்னல் மனது வைக்க வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான இந்தக் கர்னல், தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் அதிகாரி. வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்தான் லிப்சி என்கிற அந்த ஸ்டாண்டர்ட் லைப்ரரி. நாம் ‘பிரின்ட்எஃப்’ என்று வாயால் சொன்னதை அவர் முறையான படிவமாக்கி உள்ளே நீட்டுகிறார். அவர் வேண்டாமென்றால் நாமே ஜன்னலில் நிற்க வேண்டும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் லினக்ஸ் கேட்கும் படிவம் இது: ஆர்ஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் 1, அதாவது ‘எழுது’. ஆர்டிஐயில் எங்கே எழுதுவது, ஆர்எஸ்ஐயில் எழுத்துகள் இருக்கும் முகவரி, ஆர்டிஎக்ஸில் எத்தனை பைட். பிறகு ‘சிஸ்கால்’ என்று ஒரே கட்டளை. நிரலை முடித்துக்கொள்ள 60. 64 பிட் ஏஆர்எம் சில்லில் இதே இரண்டு வேலைகளுக்கு 64, 93. மாவட்டம் மாறினால் படிவ எண்ணும் மாறும்.

வேகம் எங்கிருந்து வரும்? உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்ளும் நேரம் யார் போய் நின்றாலும் ஒன்றுதான். மனு எழுதுபவராவது பத்து மனுவைச் சேர்த்துவைத்து ஒரே நடையில் கொடுப்பார். நாம் வரிக்கு வரி ஓடுவோம். குறைவது நிரலின் அளவு. லினக்ஸில் வணக்கம் சொல்ல மட்டும் தெரிந்த ஒரு நிரலுக்குள், அங்கே வழக்கமான லிப்சியான ஜிலிப்சியைச் சேர்த்துக் கட்டிவைத்தால் பல நூறு கிலோபைட் ஆகும். அது இல்லாமல் ஒரு கிலோபைட்டுக்குள் அடக்கலாம்.

எல்லா ஆபீஸிலும் இந்த நேரடி வழி செல்லாது. லினக்ஸ், கொடுத்த எண்ணை மாற்றாது. ஆப்பிள் மாற்றும், மனு எழுதுபவருக்கு மட்டும் சொல்லிவிட்டு மாற்றும். கோ மொழிக்காரர்கள் மேக்கிலும் நேராக ஜன்னலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். 2016இல் மேக்ஓஎஸ் சியரா வந்தபோது, மணி கேட்கும் அழைப்பின் நடைமுறை உள்ளே மாறிப்போய், பழைய கோ நிரல்கள் விழுந்தன. 2018இல் வந்த கோ 1.11, மேக்கில் ஆப்பிளின் லைப்ரரி வழியாகவே போக ஆரம்பித்தது.

வரலாறும் கொஞ்சம் சொல்ல வேண்டுமே. 1970களில் பெல் லேப்ஸில் பிறந்தபோதே சி மொழிக்குள் படிக்க, எழுத என்று கட்டளை கிடையாது. அவை லைப்ரரியின் பாடு. 1989இன் தரநிர்ணயம் மொழியையும் லைப்ரரியையும் ஒரே ஆவணத்தில் வைத்தது. லைப்ரரியின் பெரும்பகுதி இல்லாமல் ஓடுவதற்கும் அதிலேயே இடம் விட்டது. ஆகவே இதில் புரட்சி ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்த கூத்து இனிமேல்தான். லைப்ரரியே வேண்டாம் என்று நாம் சொன்னாலும் ஜிசிசி கம்பைலர் விடாது. மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் என்ற நான்கை மட்டும் யாராவது கொடுத்தே ஆக வேண்டும். ஒரு பெரிய ஸ்ட்ரக்டை இன்னொன்றுக்குச் சமன் என்று எழுதினால் போதும், சத்தமில்லாமல் அங்கே ஒரு மெம்காப்பி அழைப்பைச் செருகிவிடும். சரி, நாமே மெம்காப்பி எழுதிவிடலாம். இங்கிருந்து ஒரு பைட்டை எடுத்து அங்கே வை, அடுத்ததை எடு, வை என்று நாலு வரி லூப்தானே? கம்பைலர் அந்த லூப்பைப் பார்க்கிறது. ‘அடடா, இது மெம்காப்பி செய்யும் வேலை, அதையே கூப்பிட்டுவிடலாம்’ என்று லூப்பை அழித்துவிட்டு மெம்காப்பிக்கு ஒரு அழைப்பை எழுதுகிறது. அந்த லூப் இருந்த இடமே மெம்காப்பிதான்! அது தன்னைக் கூப்பிடுகிறது, கூப்பிடப்பட்டது மறுபடி தன்னைக் கூப்பிடுகிறது. ஸ்டேக் நிரம்பி நிரல் விழும், அல்லது ஒரு பைட்டும் நகராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நிரலில் எழுத்துப்பிழைகூட இருக்காது.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் அணைத்துவைக்க ஜிசிசியிலேயே ஒரு விசை உண்டு. லினக்ஸ் கர்னலின் மூலநிரலோடு வரும் ‘நோலிப்சி’ என்ற குட்டி லைப்ரரி வேறு வழி பிடித்தது. ஜிசிசி 12, எழுத்துகளை எண்ணும் எஸ்டிஆர்லென் லூப்பையும் இப்படியே அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கியதால், அந்த லூப்புக்குள் ஒரு அசெம்பிளி வரியை வைத்திருக்கிறார்கள். வரி என்று பெயர்தான், உள்ளே ஒன்றும் இல்லை. அசெம்பிளி என்றதும் கம்பைலர் கைவைக்காமல் ஒதுங்கிவிடுகிறது.