கண் பெற்ற இயந்திரம்

கையும் கண்ணும் ஒன்றுபட்டு உழைத்தலின் அருமையைத் தேயிலை மலைகளிடையே வாழும் எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொழுந்து பறிப்பவளின் கண் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கண்ட கணமே, விரல் அவ்விடம் செல்கின்றது. இவ்வொருமைப்பாட்டை இயந்திரம் எங்ஙனம் பெற்றதென்பதே ஈண்டு விளக்கப்புகும் பொருள்.

1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் அமர்த்தப்பட்ட 'யூனிமேட்' என்னும் இயந்திரக் கை கண்ணற்றது. பொருள் சிறிது விலகிக் கிடப்பினும் அது வெறுவெளியையே பற்றும். அக்குறையைப் பின்னாளிற் கமரா தீர்த்தது. கமரா, காட்சியைச் சிறுசிறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றின் ஒளியையும் ஓர் எண்ணாகத் தருகின்றது. கணினி அவ்வெண்களைக் கொண்டு பொருளின் இடத்தை அறிந்து கைக்கு உணர்த்துகின்றது. ஆயின், கமராவின் அளவும் கையின் அளவும் முன்னரே ஒன்றுபடுத்தப்படல் வேண்டும். இன்றேல் கண் கண்டும் பயனில்லை.

இம்முறையின் எளிய வடிவொன்றை ஊவாவிலேயே காணலாம். தோட்டத்தார் 'இஸ்டோர்' என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளில் நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் இயங்குகின்றன. சரிவில் வழிந்து விழும் தூளைக் கமரா நோக்குகின்றது. கரிய இலையிடையே வெளிறிய காம்பு தோன்றின், காற்றுக்குழாய் ஊதி அதனை விலக்குகின்றது. இங்குக் காற்றே கை. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழும் துணுக்கொன்று 15 சென்டிமீட்டர் கடக்க, விநாடியில் இருபதில் ஒரு பங்கே ஆகும். அதற்குள் கண்டு, துணிந்து, ஊதிவிடல் வேண்டும்.

முன்னாளிற் காம்பு பொறுக்குதல் பெண்கள் கைத்தொழிலாயிருந்தது. அவர்தம் கண் செய்த பணியை இன்று கமரா செய்கின்றது. எனினும், எந்நிறம் காம்பு, எந்நிறம் இலை என எல்லை வகுப்பவர் மனிதரே. எல்லையை இறுக்கினால் நல்ல தேயிலையும் கழிந்துபோம். தளர்த்தினால் காம்பு தங்கிவிடும். இயந்திரத்திற்குப் பார்வையுண்டு, தேர்ச்சி மனிதருடையது.

அவ்வெல்லையை வகுக்கும் இருக்கையில் அமரப்போவது யார்? காம்பு பொறுக்கிய அன்னையரின் மக்களும் பேரரும் அங்கு அமர்தல் வேண்டுமென்பதே எம் அவா. அதற்குக் கணிதமும் பௌதிகமும் வேண்டும். தொழிற்சாலைகளிற் பணிபுரியும் பழைய மாணவர்காள்! எம் மாணாக்கரை ஒருநாள் அழைத்துச் சென்று அவ்வியந்திரத்தைக் காட்டுங்கள். கரும்பலகையில் யாம் வரையும் எண்கள் காம்பையும் இலையையும் பிரித்தலை அவர்கள் தம் கண்ணாற் காணட்டும்.