குழாய் அடைத்தால் எதை ஊற்றுவது?

கொட்டிலில் இருந்த காலத்தில் குழாய் அடைப்பு என்றொரு பிரச்சினை எமக்கு இருக்கவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது. முகாமில் பொதுக் கானுக்குப் போனது. 2009 இற்குப் பின்னர் வன்னியிலும் குடாநாட்டிலும் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் குசினிக்குள் கழுவுதொட்டியும், தண்ணீர் ஊற்றும் மலசலகூடமும், அவற்றிலிருந்து குழிக்குச் செல்லும் பி.வி.சி. குழாய்களும் வந்துவிட்டன. இன்னமும் வாடகை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருப்பவர்களுக்கும் இதே குழாய்கள்தான். அங்கே அடைப்பு ஏற்பட்டால் வீட்டுக்காரரின் முகம் கறுப்பது வேறு.

அடைத்தவுடன் கடைக்கு ஓடி, "அடைப்பெடுக்க ஏதாவது மருந்து தாங்கோ" என்று கேட்பது இப்போது வழக்கமாகி வருகிறது. பயிருக்கு நோய் வந்தாலும் நாம் இப்படித்தான் கேட்கிறோம். என்ன நோய் என்று பாராமல் மருந்து அடித்தால் காசு வீணாவதோடு பயிரும் கெடும். குழாயிலும் அப்படித்தான். எனவே முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே அடைத்திருப்பது என்ன என்பதாகும்.

குசினிக் குழாயை அடைப்பது பெரும்பாலும் தேங்காயெண்ணெய்க் கசடும் சோற்றுப் பருக்கைகளுமே. அவற்றோடு தேங்காய்ப்பூ, மீன் செதில், பாத்திரம் விளக்கிய சாம்பல் என்பனவும் சேர்ந்து இறுகிவிடும். குளிக்கும் இடத்தில் தலைமயிரும் சவர்க்காரக் கசடும் அடைக்கும். தோட்டத்தால் வந்து கால் கழுவும் வீடுகளில் மண். இவற்றுள் கொழுப்பையும் மயிரையும் இரசாயனங்கள் கரைக்கும். மண்ணையும் சாம்பலையும் தும்பையும் துணியையும் வீட்டில் பாவிக்கக்கூடிய எந்தத் திரவமும் கரைக்காது. எத்தனை போத்தல் ஊற்றினாலும் அவை அப்படியே கிடக்கும். ஊற்றிய நஞ்சும் அவற்றின் மேல் தேங்கி நிற்கும்.

ஆகவே கையால் செய்யக்கூடியதை முதலில் செய்ய வேண்டும். கழுவுதொட்டியின் கீழே வளைந்த குழாயொன்று அல்லது போத்தல் போன்ற பகுதியொன்று இருக்கும். நாற்றமும் பூச்சியும் மேலே வராதபடி எப்போதும் சிறிது தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேலை. பெரும்பாலான அடைப்புகள் அங்கேதான் உண்டாகின்றன. கீழே வாளியொன்றை வைத்து, கையாலேயே திருகிக் கழற்றி, கசடை எடுத்துக் கழுவித் திரும்பப் பூட்டலாம். றப்பர் வளையத்தைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு அப்பால் அடைத்திருந்தால், தடியின் நுனியில் றப்பர்க் கிண்ணம் பொருத்திய கருவி கடைகளில் விற்கிறார்கள். துவாரம் மூடும் அளவுக்குத் தண்ணீரை விட்டு, கிண்ணத்தை அதன்மேல் வைத்து, இருபது முப்பது தடவை அமுக்கி இழுக்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் பல வருடம் பாவிக்கலாம். அயலவர் நாலு வீட்டுக்கு ஒன்றே போதும்.

கொழுப்பு அடைப்புக்குச் சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் நல்லது. ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது. பி.வி.சி. குழாய் 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் இளகத் தொடங்கும். வளைவுகளும் மூட்டுகளும் நெகிழ்ந்து கசியும். கொதிநீர் ஒரு பங்குக்கு கிணற்றுத் தண்ணீர் ஒன்றரைப் பங்கு கலந்தால் அளவாக இருக்கும். அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் பொங்கும், பார்க்க நன்றாயிருக்கும். ஒன்றையொன்று முறித்துவிடுவதால் அடைப்பைக் கரைக்கும் பலம் அதில் மிகக் குறைவு. குழாய்க்குத் தீங்கில்லை என்பதே அதன் நன்மை.

இனி, கடையில் விற்பவை. மணிமணியாகவோ சீவல்களாகவோ வருவது பெரும்பாலும் கொஸ்டிக் சோடா. சவர்க்காரம் செய்யப் பழகிய எமது பெண்கள் இதை நன்கு அறிவார்கள். தேங்காயெண்ணெயைச் சவர்க்காரமாக்குவது போலவே குழாயிலுள்ள கொழுப்பையும் இது சவர்க்காரமாக்கிக் கரைக்கிறது. சாதாரண சூட்டில் பி.வி.சி. குழாயை இது அரிப்பதில்லை. ஆபத்து சூட்டில்தான் உள்ளது. தண்ணீர் பட்டவுடன் கொஸ்டிக் சோடா கடுமையாகச் சூடேறும். அடைத்து நிற்கும் குழாயில் மணிகளாகக் கொட்டினால் அந்தச் சூடு ஓரிடத்திலேயே நின்று குழாயை இளக்கும். சில வேளைகளில் அது கல்லாக இறுகி முன்னையதைவிட மோசமான அடைப்பாகவும் மாறும். அலுமினியத்தில் பட்டால் தீப்பற்றக்கூடிய வாயு கிளம்பும்; ஆதலால் அலுமினிய வாளி, சட்டி எதுவும் ஆகாது.

வேறு வழியில்லை, தண்ணீர் மெதுவாகவேனும் இறங்குகிறது, அடைப்பு கொழுப்புத்தான் என்பதும் தெரியும் என்றால், இரண்டு லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கொஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைத்து ஊற்றலாம். பிளாஸ்ரிக் வாளியையே பாவிக்க வேண்டும். தண்ணீரில்தான் சோடாவைப் போடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். றப்பர்க் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். அரை மணித்தியாலம் விட்டு நிறையத் தண்ணீர் விடவேண்டும்.

அசிற் வகைகளை வீட்டில் பாவிக்க வேண்டாம் என்பதே எமது உறுதியான கருத்து. சல்பூரிக் அமிலம் சூடேறிக் குழாயைக் கெடுக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பி.வி.சி.யை அவ்வளவாகத் தாக்காவிட்டாலும் இரும்புக் குழாயையும் குழியின் சீமெந்துப் பூச்சையும் தின்றுவிடும். கொழுப்பையும் அது கரைப்பதில்லை. நுண்ணுயிர் அல்லது நொதியம் சேர்ந்தவை என்று விற்கப்படுபவை குழாய்க்கும் குழிக்கும் தீங்கற்றவை. ஆனால் மெதுவாகவே வேலை செய்யும். இரவில் ஊற்றி விடியும்வரை விடவேண்டும். முற்றாக அடைத்த குழாயைத் திறக்க அவற்றால் முடியாது. விலைக்கு ஏற்ற பலன் கிடைக்குமா என்று யோசித்தே வாங்க வேண்டும்.

ஒன்று சரிவராவிட்டால் மற்றதை ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளும் துணி வெளுக்கும் திரவமும் அசிற்றோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். மலசலகூடம் கழுவும் திரவங்கள் பலவற்றில் அசிற் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. கதவு பூட்டிய சிறிய மலசலகூடத்துக்குள் அந்த வாயு மூச்சுக்குழலையும் நுரையீரலையும் எரித்துவிடும். கண் எரிந்து இருமல் வந்தால் உடனே வெளியேறிக் காற்றோட்டத்தில் நிற்க வேண்டும்.

ஊற்றியது எங்கே போகிறது என்பதையும் விவசாயிகளாகிய நாம் நினைக்க வேண்டும். மலக்குழியில் கழிவைச் சிதைப்பவை நுண்ணுயிர்கள். காரத்தையும் குளோரினையும் அடிக்கடி ஊற்றினால் அவை சாகும். குழி விரைவில் நிரம்பி, பவுசருக்குக் காசு தேட வேண்டி வரும். கழுவுநீர் வாழைக்குப் போகும் வீடுகளில் கொஸ்டிக் சோடாவிலுள்ள சோடியம் மண்ணில் சேர்ந்து அதை இறுகச் செய்யும். குடாநாட்டில் எமது கிணறுகள் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக வரும் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. குழிக்குள் போவது கிணற்றுக்குப் போக அங்கே அதிக தூரமில்லை.

வாங்குவதாயின் மூடிய, பெயர் ஒட்டிய போத்தலாக வாங்குங்கள். துளித்துளியாக விழும் திரவம் ஒரு கையையும் உலோகத்தையும் அரிப்பது போன்ற படம் இருந்தால் அது எரிகாயம் உண்டாக்கும் பொருள். சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்கவே வேண்டாம். பிள்ளை அதைக் குடிபானம் என்றே நினைக்கும். பூச்சிகொல்லியைப் பூட்டி வைக்கும் பெட்டியிலேயே இதையும் வையுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. போன வழியே திரும்ப வரும்போது தொண்டை மறுபடியும் வெந்துவிடும். தேசிக்காயோ புளியோ கொடுத்து முறிக்கப் பார்ப்பதும் தவறு. வாயைக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு விரைய வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். கண்ணிலோ தோலிலோ பட்டால் இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டே புறப்பட வேண்டும்.

மருந்து ஊற்றியும் அடைப்பு எடுபடாமல் மேசனைக் கூப்பிட்டால், எதை ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்பதை அவர் குழாயைக் கழற்றுமுன் சொல்லுங்கள். குனிந்து திறப்பவரின் முகத்தில்தான் அது தெறிக்கும்.