மூக்கடைத்த நாய்க்குட்டி

கொல்கத்தாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் குளிர் அதிகம். தெருநாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டித்தான் குட்டி போடுகின்றன. டீக்கடைப் பலகையின் கீழே குட்டிகள் சுருண்டு கிடக்கும். படிக்கட்டின் அடியிலும் கிடக்கும்.

அவற்றில் பல பிழைப்பதில்லை. கொல்கத்தாவை அடுத்த மோகன்பூரில் ஓர் அறிவியல் கல்வி நிறுவனம் உள்ளது. அங்குள்ள ஆய்வாளர்கள் மேற்கு வங்கத் தெருக்களில் 364 குட்டிகளைக் கவனித்து வந்தார்கள். ஏழு மாதம் வரை பிழைத்தவை நூற்றுக்கு 19 தான். இந்தக் கணக்கு 2016இல் வெளிவந்தது.

குட்டிகள் சாகப் பல காரணங்கள் உண்டு. மூக்கடைப்பு பெரிய நாய்க்குச் சின்னத் தொல்லை. பிறந்த குட்டிக்கு அப்படி இல்லை. குட்டி வாயால் பால் குடிக்கும். அப்போது மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் முலையை விட்டுவிட்டுக் கத்தும். பால் இறங்காது. உடம்பு குளிர்ந்துவிடும். முதல் இரண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளக் குட்டியால் முடியாது.

ஆகவே முதல் வேலை சூடு கொடுப்பது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்ற வேண்டும். அதைக் குட்டியின் பக்கத்தில் வைக்கலாம். குட்டி விலகிப் போகவும் இடம் இருக்க வேண்டும். உடம்பு சூடான பிறகே பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது.

அடுத்தது மூக்கு. கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, காய்ந்த சளியை மெல்லத் துடைக்க வேண்டும். மூக்குக்குள் எதையும் நுழைக்கக் கூடாது. தாய் நாய் கடிக்கக்கூடும். அது தள்ளி இருக்கும்போது செய்வது நல்லது.

தைலம், கற்பூரம், மனிதருக்கான சளி மருந்து எதுவும் வேண்டாம். இவை குட்டிக்கு விஷம் போன்றவை.

குடித்த பால் மூக்கு வழியாக வருகிறதா? வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பார்க்க வேண்டும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே அதில் பிளவு இருக்கும். அது சளி அல்ல. அந்தக் குட்டிக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மஞ்சள் சளி வந்தாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், பால் குடிக்காவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. மறுநாள் பார்க்கலாம் என்றால் குட்டி இருக்காது. வட கொல்கத்தாவில் பெல்காச்சியாவில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. அது வெள்ளைக்காரர் காலத்துக் கல்லூரி. 1995இல் பல்கலைக்கழகம் ஆனது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். குட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். மூக்கு மட்டும் வெளியே தெரியட்டும்.