முதலுதவிப் பயிற்றுநராகத் தகுதி பெறுவது எப்படி?

முகாமிலும் சரி, உறவினர் காணியிலும் சரி, மீளக் குடியேறிய ஊரிலும் சரி, விபத்து நேரம் பார்த்து வருவதில்லை. வயலில் பாம்பு தீண்டுகிறது. கிணற்றடியில் பிள்ளை தவறி விழுகிறது. அடுப்படியில் சேலையில் தீப்பற்றுகிறது. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் உண்டு. ஆயினும் வண்டி வந்து சேரும் வரையான நிமிடங்கள் அயலவர் கையிலேயே உள்ளன.

அந்த அயலவருக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்? வெளியிலிருந்து ஒரு குழு வந்து வகுப்பு நடத்திவிட்டுப் போனால், மீண்டும் செய்து பழகாதவரின் கை சில மாதங்களிலேயே மறந்துவிடும். எனவே மக்களோடு வாழ்ந்து, அவர்கள் இடம் மாறினால் தாமும் கூடவே செல்லும் பயிற்றுநர் ஒருவர் தேவை. அவர் நம்முள் இருந்தே வரவேண்டும்.

இது புதிய எண்ணமன்று. 1878இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் பீற்றர் செப்பர்ட் என்ற இராணுவ வைத்தியர் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார். வைத்தியர் அல்லாதவரும் இதைக் கற்கலாம் என்பது அதன் பின்னரே பரவலாயிற்று.

அறிவது வேறு, கற்பிப்பது வேறு

முதலுதவியாளர் ஒருவர் பிழையாகச் செய்தால் ஒரு நோயாளிக்குத் தீங்கு. பயிற்றுநர் பிழையாகக் கற்பித்தால் இருபது பேர் அப்பிழையைத் தத்தம் ஊருக்குக் கொண்டுபோவார்கள். புடையனோ நாகமோ தீண்டியதும் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் நம்மிடையே இன்னும் உண்டு. இவை மூன்றும் தீங்கானவை. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே முறை. விஷமுறிவு மருந்து அங்கேயே ஏற்றப்படும்.

அன்று சரியென்று படித்தது இன்று மாறியிருக்கவும் கூடும். மூச்சும் நாடியும் நின்ற வளர்ந்தவருக்கு 15 தடவை நெஞ்சை அழுத்தி 2 தடவை ஊதும்படி முன்னர் கற்பித்தார்கள். 2005இல் இது 30க்கு 2 என மாற்றப்பட்டது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும் என்பதே இன்றைய முறை. சான்றிதழைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கச் சொல்வது இதனாலேயே.

செல்லும் வழி

1. முதலில் அடிப்படை முதலுதவிப் பயிற்சியில் சேர்ந்து, எழுத்திலும் செய்முறையிலும் தேறுங்கள்.
2. கற்றதைச் செய்து பழகுங்கள். விளையாட்டுப் போட்டி, திருவிழா போன்ற இடங்களில் முதலுதவிக் குழுவோடு நில்லுங்கள்.
3. பின்னர் பயிற்றுநருக்கான பயிற்சிநெறிக்கு விண்ணப்பியுங்கள். பாடத்தைத் திட்டமிடுவது, செய்துகாட்டுவது, கற்பவரின் பிழையை அவர் மனம் நோகாது திருத்துவது, பரீட்சிப்பது ஆகியவை அங்கே கற்பிக்கப்படும்.
4. அனுபவமுள்ள பயிற்றுநர் பார்த்திருக்க நீங்கள் வகுப்பு நடத்துங்கள். அவர் திருப்தியுற்ற பின்பே தனியே கற்பிக்கலாம்.

1936இல், மலேரியாப் பேரழிவை அடுத்து, இலங்கையில் தொடங்கிய செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி வழங்குகின்றன. காலமும் கட்டணமும் மாறக்கூடியவை. மாவட்டக் கிளையில் நேரில் விசாரியுங்கள்.

நல்ல பயிற்றுநர் எப்படிக் கற்பிப்பார்?

உயிர்மீட்புப் பயிற்சியில் நான்கு படிகள் கையாளப்படுகின்றன. பயிற்றுநர் முதலில் பேசாமல் முழுவதையும் செய்து காட்டுவார். அடுத்து விளக்கத்துடன் மெதுவாகச் செய்வார். பிறகு கற்பவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்வார். இறுதியில் கற்பவரே சொல்லிக்கொண்டு செய்வார். எழுத வாசிக்கத் தெரியாத முதியவரும் இம்முறையில் கற்க முடியும். விலையுயர்ந்த பொம்மை இல்லையென்று வகுப்பை நிறுத்தவேண்டாம். கையை வைக்கும் இடத்தையும் அழுத்தும் வேகத்தையும் இறுக்கமாகப் பஞ்சடைத்த தலையணையிலும் பழகலாம். கட்டுப்போடப் பழைய சேலைத் துண்டு போதும்.

எந்த வகுப்பிலும் முதற் பாடம் ஒன்றே: இடம் பாதுகாப்பானதா என்று பார்த்த பின்னரே நெருங்குங்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மின்னைத் துண்டிக்கவேண்டும். கண்ணிவெடி இருக்கக்கூடிய காணியில் ஒருவர் காயப்பட்டுக் கிடந்தால், பெற்ற தாயாயினும் உள்ளே ஓடக்கூடாது. அவரை அசையாதிருக்கும்படி கூவிச் சொல்லி, உதவிக்கு ஆளனுப்பவேண்டும். ஓடினால் ஒருவருக்குப் பதில் இருவரை இழப்போம். நெடுங்காலம் விட்டுவந்த காணிகளுக்குத் திரும்பும் நம் குடும்பங்களுக்கு இதை விட அவசியமான பாடம் வேறில்லை.

ஊருக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவரைத் தெரிவுசெய்து அனுப்புவது நல்லது. பெண்கள் தயக்கமின்றிக் கேட்டுக் கற்க ஒரு பெண் பயிற்றுநர் உதவுவார். பெரிய படிப்பு முக்கியமல்ல. பொறுமையும், தெளிவான பேச்சும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும் உள்ளவரா என்று பாருங்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலோ கமக்கார அமைப்புக் கூட்டத்திலோ இதைப் பேசி, அந்த இருவரின் பெயரை முடிவுசெய்யுங்கள்.