பற்றாக்குறையைப் பங்கிட்ட வேல்ஸ்

வருமானம் பெருகும்போது ஒரு குடும்பத்தின் குணம் தெரிவதில்லை. குறையும்போதுதான் தெரியும். பால் கணக்கைக் குறைப்பதா, பிள்ளையின் டியூஷனை நிறுத்துவதா, பாட்டியின் மருந்தில் கை வைப்பதா என்று இரவு சாப்பாட்டுக்குப் பின் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவார்களே, அந்தப் பேச்சில் தெரிந்துவிடும். அரசாங்கங்களும் அப்படித்தான். பட்ஜெட்டில் பணம் நிரம்பியிருக்கும் ஆண்டில் எல்லா மந்திரிகளும் கர்ணர்களே. கஜானா வற்றும் ஆண்டில்தான் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று கணக்குப் பார்க்க முடியும்.

மத்திய அரசின் கணக்குத் துறையில் 34 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் கோட்டையைப் பார்ப்பதற்கு முன் அந்த ஊரின் வரவு செலவைப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. 2024 கோடையில் என் தங்கை மகனோடு மூன்று வாரம் தங்குவதற்காக வேல்ஸ் நாட்டுக்குப் போயிருந்தேன். அவன் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர். அங்கு கண்டதையும், திரும்பி வந்து தில்லியில் உட்கார்ந்து படித்ததையும் சேர்த்து நம் சங்க வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

யார் இந்த வேல்ஸ்காரர்கள்?

இங்கிலாந்துக்கு மேற்கே மலையும் கடலுமாக இருக்கும் சிறிய நாடு வேல்ஸ். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 31 லட்சம். நம் தில்லியின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அதற்குள் 22 உள்ளாட்சி மன்றங்கள். அவற்றைக் கவுன்சில் என்பார்கள். தலைநகர் கார்டிஃப். ஒரு காலத்தில் உலகுக்கே நிலக்கரி ஏற்றிய நாடு. சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் சுரங்கம் தந்த நுரையீரல் நோயும், வேலையில்லாத ஊர்களும், முதுமையும் மட்டும் மூடப்படவில்லை.

பிரிட்டன் முழுவதற்குமான இலவச மருத்துவத் திட்டம் 1948 ஜூலை 5-ஆம் தேதி தொடங்கியது. அதைக் கொண்டுவந்த மந்திரி அனைரின் பெவன், டிரெடீகர் என்ற வேல்ஸ் சுரங்க ஊரில் பிறந்தவர்; 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். அந்த ஊர்த் தொழிலாளர்கள் கூலியில் சில காசுகளைப் பிடித்துக் கொடுத்துத் தங்களுக்கென ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்திவந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர் நாடு முழுவதற்கும் அதையே செய்தார். 1951-இல் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அரசு முடிவு செய்தபோது, மந்திரி பதவியையே விட்டு விலகினார்.

இன்னொரு கதையையும் சொல்லாமல் வேல்ஸைப் புரிந்துகொள்ள முடியாது. 1966 அக்டோபர் 21 காலை, அபர்வான் என்ற ஊரில் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். உலகெங்கிலுமிருந்து அந்த ஊருக்கு நன்கொடை வந்தது. மலைமேல் மிச்சமிருந்த கழிவுக் குன்றுகளை அகற்ற வேண்டும் என்று பெற்றோர்கள் மன்றாடினார்கள். குன்றுகள் அரசுச் சுரங்க வாரியத்துக்குச் சொந்தமானவை. ஆனாலும் அந்தச் செலவில் 1,50,000 பவுண்டை, குழந்தைகளை இழந்தவர்களுக்காக வந்த நன்கொடை நிதியிலிருந்தே அரசு வாங்கிக்கொண்டது! 1997-இல்தான் அந்தத் தொகை திரும்பி வந்தது. வட்டி இல்லை, விலைவாசி ஏற்றத்துக்கு ஈடும் இல்லை. 2007-இல் வேல்ஸின் சொந்த அரசு, ஈடுசெய்யும் விதமாக 20 லட்சம் பவுண்டு வழங்கியது.

அந்த ஊர் மயானத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளை வளைவுகளைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனையோ வவுச்சர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்ட அதிகாரி யாரோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கள் பணத்தைத் தாங்களே ஆள வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1979-இல் நடந்த வாக்கெடுப்பில், தனி மன்றம் வேண்டாம் என்று ஐந்தில் நான்கு பேர் சொன்னார்கள். 1997-இல் வேண்டும் என்ற பக்கம் வென்றது. வித்தியாசம் வெறும் 6,721 ஓட்டு. 1999-இல் மன்றம் கூடியது. 2020 முதல் அதற்கு செனெத் என்று பெயர்; வேல்ஸ் மொழியில் நாடாளுமன்றம் என்று பொருள்.

பணம் வரும் வழி

நம் நாட்டில் மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிட நிதிக் குழு இருக்கிறது. மக்கள் தொகை, பரப்பு, வறுமை என்று பலவற்றையும் எடைபோட்டுப் பங்கு சொல்கிறது. அந்தப் பங்கில் நமக்கு ஆயிரம் குறை உண்டு என்றாலும், தேவையைப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையாவது இருக்கிறது.

வேல்ஸுக்குப் பணம் வருவது பார்னெட் சூத்திரத்தின்படி. 1970-களின் இறுதியில் லண்டன் கருவூலத்தில் மந்திரியாக இருந்தவரின் பெயர் அது. இங்கிலாந்தில் கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவைக் கூட்டினால், மக்கள் தொகை விகிதப்படி வேல்ஸுக்கும் கூடும். அங்கே வெட்டினால் இங்கேயும் வெட்டு. வேல்ஸில் முதியோர் எத்தனை, நோயாளிகள் எத்தனை என்பது அந்தக் கணக்கில் வராது. 2010-இல் ஹோல்தம் குழு என்ற நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. இங்கிலாந்தில் ஒருவருக்கு 100 பவுண்டு செலவாகும் இடத்தில் வேல்ஸில் சுமார் 115 பவுண்டு தேவை என்று சொன்னது. அந்த 115 என்ற எண்ணைச் சூத்திரத்தில் சேர்க்க ஒப்பந்தம் ஆனது 2016-இல்தான்.

இடையில் வந்தது சிக்கன காலம். உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனின் பற்றாக்குறை பெருகிவிட்டது என்று சொல்லி, 2010 அக்டோபரில் நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்பர்ன் பெரிய வெட்டு அறிவித்தார். வேல்ஸுக்கு வரும் தொகையும் சுருங்கியது. கட்டடம், சாலை போன்ற மூலதனச் செலவுக்கான பணம்தான் மிக அதிகமாக வெட்டப்பட்டது. லண்டனில் ஆண்டது ஒரு கூட்டணி. கார்டிஃபில் ஆண்டது தொழிற்கட்சி. வெட்டியது ஒருவர், வெட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது இன்னொருவர். அப்போதைய முதல் மந்திரி கார்வின் ஜோன்ஸின் நிலை அதுதான்.

சின்னப் போர்வை

போர்வை சிறிதானால் தலையை மூடக் கால் தெரியும். காலை மூடத் தலை தெரியும். இங்கிலாந்து தலையை மூடியது: மருத்துவத் துறையைக் காப்பதாக அறிவித்துவிட்டு, கவுன்சில்களைக் கடுமையாக வெட்டியது. வேல்ஸ் முதலில் வேறு மாதிரி இழுத்துப் பார்த்தது. பள்ளிகளையும் முதியோர் பராமரிப்பையும் கவுன்சில்கள்தானே நடத்துகின்றன, வீட்டில் கவனிப்பு இல்லாத முதியவர் நேராக ஆஸ்பத்திரிக்குத்தானே வருவார் என்று நினைத்து, கவுன்சில்களுக்கு வெட்டைக் குறைத்தது. அதனால் மருத்துவத் துறை நெருக்கடியை உணர்ந்தது. காத்திருப்புப் பட்டியல் நீண்டது. லண்டன் நாடாளுமன்றத்தில் வேல்ஸ் ஆஸ்பத்திரிகள் அரசியல் வசைப்பொருள் ஆயின.

2013-க்குப் பிறகு போர்வை மறுபக்கம் இழுக்கப்பட்டது. மருத்துவத்துக்குப் பணம் கூடியது. கவுன்சில்களின் முறை வந்தது. சட்டப்படி செய்தே தீர வேண்டிய பள்ளியும் பராமரிப்பும் போக, மிச்சத்தில்தான் கை வைக்க முடியும். நூலகம், நீச்சல் குளம், இளைஞர் மன்றம், பூங்கா, பொதுக் கழிப்பிடம் என்று சத்தமில்லாமல் போகக்கூடியவையெல்லாம் போயின. சில ஊர்களில் நூலகத்தை ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். 22 கவுன்சில்கள் அதிகம், 10 அல்லது 12 ஆக இணைத்துவிடலாம் என்று 2014-இல் வில்லியம்ஸ் குழு பரிந்துரைத்தது. எந்த ஊரும் தன் பெயரை விட்டுக்கொடுக்க முன்வராததால் அது நடக்கவில்லை.

இன்று வேல்ஸ் அரசின் அன்றாடச் செலவில் பாதிக்கும் மேல் மருத்துவத்துக்கே போகிறது. 2023 அக்டோபரில், ஆண்டின் நடுவிலேயே மற்றத் துறைகளிலிருந்து எடுத்து மருத்துவத்துக்கு 42.5 கோடி பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. 2024-இல் பெம்புரோக்‌ஷயர் கவுன்சில் வீட்டு வரியை ஒரே ஆண்டில் 12.5 சதவீதம் உயர்த்தியது. அதே ஆண்டு கார்டிஃபில் உள்ள தேசிய அருங்காட்சியகம், கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணமில்லாவிட்டால் மூட நேரிடலாம் என்று எச்சரித்தது. இத்தனைக்குப் பிறகும் 2024 இறுதியில் ஆஸ்பத்திரிக் காத்திருப்புப் பட்டியல் 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரே ஆள் இரண்டு சிகிச்சைக்குக் காத்திருந்தால் இரண்டாகக் கணக்கு. இருந்தாலும் 31 லட்சம் பேர் கொண்ட நாட்டுக்கு அது சின்ன எண்ணா?

எல்லோருக்கும் இலவசமா?

இந்த நெருக்கடியிலும் வேல்ஸ் சிலவற்றை விடவில்லை. 2007 ஏப்ரல் 1 முதல் டாக்டர் எழுதும் மருந்து எல்லோருக்கும் இலவசம். இங்கிலாந்தில் 2024 கணக்குப்படி ஒவ்வொரு மருந்துக்கும் 9 பவுண்டு 90 பென்ஸ். ஏழை வீட்டுப் பிள்ளைகள் 16 வயதுக்கு மேல் படிப்பதற்கான வாரப் படியை இங்கிலாந்து நிறுத்தியபோது வேல்ஸ் நிறுத்தவில்லை. 60 வயதானால் பஸ் பாஸ். 2022 முதல் படிப்படியாகத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் மதிய உணவு.

என் தங்கை மகனிடம் கேட்டேன். "நீ நன்றாகச் சம்பாதிக்கிறாய். உனக்கு எதற்கடா இலவச மருந்து? அந்தப் பணத்தில் இரண்டு நர்ஸ் வைக்கலாமே?"

"மாமா, சர்க்கரை நோயாளி காசு மிச்சம் பிடிக்க ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துச் சாப்பிட்டால், ஆறு மாதத்தில் என் வார்டில்தான் வந்து படுப்பார். அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவீர்கள்?" என்றான். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனால் மருந்து இலவசம், டாக்டரைப் பார்க்கத்தான் மாதக்கணக்கு என்றால் அதுவும் கஷ்டம்தான்" என்றும் சொன்னான்.

அவன் வீட்டுக்கு எதிரே ஒரு மூதாட்டி. முழங்கால் ஆபரேஷனுக்கு இரண்டாண்டுக்கு மேல் காத்திருக்கிறார். கையில் இலவச பஸ் பாஸ் வைத்திருக்கிறார். அந்தத் தெருவுக்கு வந்துகொண்டிருந்த மாலை நேர பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "பாஸ் இருக்கிறது, பஸ்தான் இல்லை" என்று சிரித்தார். அவரது சிரிப்பில் கசப்பு இல்லை, எனக்குத்தான் இருந்தது.

நான் பார்த்தவரையில் இலவசம் என்பதைக் கேலி செய்வது எளிது. வருமானச் சான்றிதழ் கேட்டு ஏழையை வரிசையில் நிறுத்துவதற்கும் செலவு உண்டு, அவமானமும் உண்டு. எல்லோரும் பயன்படுத்தும் சேவை கெட்டால் எல்லோரும் கத்துவார்கள். ஏழைக்கு மட்டுமான சேவை கெட்டால் கேட்க நாதி இருக்காது. எனவே வேல்ஸின் கொள்கை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கொள்கைக்கு விலை உண்டு. அந்த விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். 2019 முதல் வருமான வரியில் ஒரு பகுதியைக் கூட்டவோ குறைக்கவோ வேல்ஸுக்கு அதிகாரம் கிடைத்தது. 2025 வரை ஒருமுறைகூட அதைக் கூட்டவில்லை. லண்டன் கொடுப்பது போதாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. தங்கள் கையிலிருக்கும் சாவியை ஏன் திருப்பவில்லை என்று கேட்கும் உரிமை அவர்களது மக்களுக்கும் உண்டு. வேலையில்லா ஊரில் வரியைக் கூட்டினால் இருப்பவர்களும் எல்லை தாண்டிப் போய்விடுவார்கள் என்ற பயமும் நியாயமானதே.

நமக்கென்ன?

எங்கேயோ இருக்கும் வேல்ஸின் கணக்கு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். என் தங்கை மகனிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனாலும் காமன்வெல்த் குடிமகன் என்பதால் அங்கே எல்லாத் தேர்தலிலும் அவனுக்கு ஓட்டு உண்டு. 2021 செனெத் தேர்தலிலிருந்து, சட்டப்படி அங்கே வாழும் எல்லா வெளிநாட்டாருக்கும் 16 வயதானவர்களுக்கும்கூட ஓட்டுரிமை கொடுத்தார்கள். இங்கே வாழ்கிறவன் இந்தப் போர்வையின் கீழ்தானே படுத்திருக்கிறான், எந்தப் பக்கம் இழுப்பது என்று அவனும் சொல்லட்டுமே என்பதுதான் அதன் பொருள்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு அந்த எண்ணம் எவ்வளவு இருக்கிறது? ஊர்ப் பக்கத்துத் தேர்தல் செய்திகளை இரவு பத்து மணி வரை விவாதிக்கிறோம். நாம் வாழும் வார்டின் கவுன்சிலர் யார் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிறோம். நம் தெருவின் டிஸ்பென்சரி, நம் பிள்ளைகள் விளையாடும் பூங்கா, நம் முதியவர்கள் போகும் பஸ் எல்லாம் இந்த நகரின் பட்ஜெட்டில்தான் இருக்கின்றன. பணம் குறையும் ஆண்டு எந்த ஊருக்கும் வரும். அன்று கேட்பாரில்லாத இடத்தில்தான் கத்தரி முதலில் விழும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.