2,300 ரூபா ரிமோட் கார் பார்ட்டை நானே சரி பண்ணேன்... உண்மையில எவ்வளவு மிச்சமாச்சு?

ஞாயித்துக்கிழமை காலை. புதுச்சேரி பீச் ரோட்டுல வண்டிகளை விடறதுக்கு முன்னாடி, என் 1:10 ரிமோட் காரை ஓட்டிட்டு இருந்தேன். ஒரு திருப்பத்துல 'கரக் கரக்'னு சத்தம். அப்புறம் மோட்டார் மட்டும் சுத்துது, வண்டி நகரவே இல்ல. வீட்டுக்கு வந்து கழட்டிப் பார்த்தா பின்பக்க டிஃபரென்ஷியல் காலி. உள்ளே இருந்த சின்ன கியரோட பல்லு பாதி மாவாயிடுச்சு. நடு பின் வளைஞ்சிருந்தது. ஆயில் இருந்த இடத்துல மணல்தான் இருந்தது.

டிஃபரென்ஷியல் எதுக்குன்னு கேக்குறீங்களா? வண்டி திரும்பும்போது வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் ஓடணும். இந்த சைஸ் கார்ல ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல சுமார் 16 செ.மீ. இடைவெளி. முழு வட்டம் ஒண்ணு அடிச்சா, வெளிச்சக்கரம் உள்சக்கரத்தை விட சுமார் 1 மீட்டர் கூடுதலா போகணும். வட்டம் பெருசோ சின்னதோ, அந்த 1 மீட்டர் மாறாது. ரெண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில இறுக்கிட்டா டயர் தேஞ்சே போயிடும். இதை நீராவி வண்டிக்காக 1827-ல பேட்டன்ட் எடுத்தவர் ஒனெசிஃபோர் பெக்கர்னு ஒரு பிரெஞ்சு கடிகார வேலைக்காரர். அப்போ நம்ம ஊரும் பிரெஞ்சு ஆட்சியிலதான் இருந்தது!

சரி, பணத்துக்கு வருவோம். இந்த கியரை தனியா யாரும் விக்கல. முழு டிஃப் செட்டா வாங்கினா 1,400 ரூபா, வெளிநாட்டுல இருந்து வர ஷிப்பிங் 900. மொத்தம் 2,300, வரி தனி. இங்க ஒண்ணு கவனிங்க: சுங்க வரியை பொருள் விலைக்கு மட்டும் போட மாட்டாங்க, ஷிப்பிங்கையும் சேர்த்துதான் கணக்கு. 'கிஃப்ட்'னு எழுதி 5,000 ரூபா வரைக்கும் வரியில்லாம வரவழைச்ச பழைய வழியும் 2019 டிசம்பர்லயே மூடியாச்சு. முழு பொம்மை காராவே வாங்கலாம்னு நினைச்சா, பொம்மை இறக்குமதி வரி 2020-ல 20-ல இருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023-ல 70.

அதனால நானே சரி பண்ணலாம்னு இறங்கினேன். முதல் முடிவே தப்பு. "பிளாஸ்டிக்தானே உடையுது, ஸ்டீல் போடுவோம்"னு 1,100 ரூபாய்க்கு கிடைச்ச ஸ்டீல் கியரை வாங்கிப் போட்டேன். ரெண்டே வாரம். கியர் உடையல, அடுத்து பலவீனமா இருந்த டிரைவ் ஷாஃப்ட் உடைஞ்சது. எங்கேயாவது ஒரு இடம் உடைஞ்சுதான் ஆகணும். அது மலிவான இடமா இருக்கட்டும்னு அப்போதான் புரிஞ்சது.

ரெண்டாவது முயற்சிக்கு மோட்டார் எரிஞ்சுபோன அதே மாடல் கார் ஒண்ணை 450 ரூபாய்க்குப் பிடிச்சேன். நாலு சக்கர டிரைவ்ங்கறதால உள்ளே ரெண்டு டிஃப், கூடவே பேரிங், ஷாஃப்ட் எல்லாம் கிடைச்சது. கியரை மாத்தும்போது செட்டா மாத்துங்க. தேஞ்ச கியர் பக்கத்துல புதுசை வெச்சா, பழசு புதுசையும் தின்னுடும். பல்லு எண்ணிக்கை ஒண்ணா இருக்குன்னு வேற பொம்மையோட கியரைப் போடாதீங்க, பல்லோட அளவும் ஒத்துப்போகணும். 3டி பிரின்ட் பண்ணலாமான்னா, சாதாரண பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிடும். நம்ம ஊர் மே மாச வெயில்ல வேணாம்.

நடு பின்னுக்கு சைக்கிள் கடைக்குப் போங்க. 14 கேஜ் ஸ்போக்ஸ் கம்பி 2 மி.மீ. தடிமன், என் பின்னும் அதே அளவு. 10 ரூபா. அளந்து வெட்டி, முனையை அரம் வெச்சு ராவினா போதும். ரொம்ப அடி வாங்கினா வளையும், கியரை உடைக்காது.

உண்மையான வேலை ஷிம்லதான் இருக்கு. கியருக்குப் பின்னாடி வர்ற அந்த மெல்லிசு வாஷர் தேஞ்சதாலதான் பல்லு நுனியோட நுனி மட்டும் உரசி மாவாச்சு. நான் கூல்டிரிங்க்ஸ் கேனை வெட்டிச் செஞ்சேன், தகடு சுமார் 0.1 மி.மீ. இருக்கும். (பாண்டிச்சேரியில கேனுக்கா பஞ்சம்?) அலுமினியம் சீக்கிரம் தேயும், அதனால அப்பப்போ கழட்டிப் பாக்கணும். ஒண்ணு ஒண்ணா சேர்த்து, கையால சுத்திப் பார்த்து, ஆட்டமும் இல்லாம இறுக்கமும் இல்லாம வர்ற வரைக்கும் பண்ணுங்க. எனக்கு ஒரு ஞாயிறு முழுசா இதுக்கே போச்சு.

டூவீலர் ஸ்பேர் கடையில ஓ-ரிங் 20 ரூபா. சிலிக்கான் ஆயில் 350. இதுல மட்டும் கை வைக்காதீங்க. இன்ஜின் ஆயில் ரொம்ப தண்ணி, வழிஞ்சு வெளிய வந்துடும்.

இப்போ கணக்கு. 450 + 10 + 20 + 350 = 830. வெர்னியர் காலிபர் 400. ஆக 1,230. புது செட்டோட ஒப்பிட்டா 1,070 ரூபா மிச்சம். ஆனா வேலை நேரம் 9 மணி, அப்போ மணிக்கு 120 ரூபா கூட தேறல. அதுலயும் ஸ்டீல் கியர்ல விட்ட 1,100-ஐ சேர்க்கணும் இல்லையா? நாமதான் அந்த மாதிரி செலவை கணக்குல எழுதாம விட்டுடுவோம். சேர்த்தா, மைனஸ் 30 ரூபா!

உங்களுக்கு கழட்டி மாட்டறதுல ஆர்வமே இல்லன்னா, புது செட் ஆர்டர் பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்குங்க. அது ஒண்ணும் தப்பில்ல.

எனக்கு நாலு மாசம் கழிச்சு அந்த பின் மறுபடியும் வளைஞ்சது. ஸ்போக்ஸ் 10, ஓ-ரிங் 20, முக்கால் மணி நேரம். கியர்ல ஒரு பல்லு கூட போகல. டப்பாவுல இன்னும் ஒரு முழு கியர் செட்டும், பாதிக்கு மேல ஆயிலும் இருக்கு.